ஒரு சதுர சென்டிமீட்டரில் கொடைக்கானல் ஏரி

ஏழாம் வகுப்பு படிக்கும் எந்தப் பிள்ளையிடமாவது "ஸ்கேல்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பென்சில் பாக்ஸைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து நீட்டும். கோடு போட உதவும், முன் பெஞ்சில் இருப்பவன் முதுகில் குத்த உதவும், சில வாத்தியார் கைக்குப் போனால் உள்ளங்கை சிவக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் என்றால் அவ்வளவுதான்.

வரைபடத்துக்கும் ஒரு ஸ்கேல் இருக்கிறது, அது பட்டை இல்லை, ஒரு விகிதம் என்பது பாதிப் பேருக்குப் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகும் தெரிவதில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. ஏனென்றால் அந்த ஒரே விஷயத்துக்கு நம் பாடப்புத்தகங்களில் மூன்று பெயர். ஆறாம் வகுப்புக் கணக்கில் அது 'விகிதம் மற்றும் விகித சமம்'. சமூக அறிவியலில் 'அளவை'. பத்தாம் வகுப்பில் கிராஃப் போடும்போது தாளின் மூலையில் எழுத வேண்டிய 'அளவுத்திட்டம்'. அதை எழுதாவிட்டால் மார்க் குறையும் என்று மாணவனுக்குத் தெரியும். ஏன் எழுதுகிறோம் என்று மட்டும் தெரியாது. கணக்கு வாத்தியார் மேப்பைத் தொட மாட்டார், சோசியல் டீச்சர் கணக்கைத் தொட மாட்டார். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் விகிதத்தைச் சூத்திரமாக மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, வரைபடத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை பெரியவனான பிறகு நிலத்தையும் பணத்தையும் சேர்த்துத்தான் இழக்கிறான். அதைப் புரிந்துகொள்ள பழனி மலையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. வாருங்கள், கொடைக்கானலுக்கு ஒரு டூர் போய் வரலாம். காசு வேண்டாம், ஒரு மேப் போதும் :-)

குறுக்கே பெருக்கு!

முதலில் நம் வகுப்பறை. 5 பேனா 60 ரூபாய், 8 பேனா எவ்வளவு? குறுக்கே பெருக்கு, வகு, 96. சரியான விடை, முழு மார்க். இதே மாணவனிடம் கேளுங்கள்: கொடியில் 5 சட்டை காய 2 மணி நேரம் ஆனால், 10 சட்டை காய எவ்வளவு நேரம்? பேனா கையைவிட்டு இறங்குவதற்குள் '4 மணி நேரம்' என்று வந்து விழும். வெயிலுக்கு எத்தனை சட்டை என்று எண்ணத் தெரியாது என்பதை யோசிக்க அவனுக்கு யாரும் அவகாசம் தரவில்லை. மூன்று எண்ணைப் பார்த்ததும் குறுக்கே பெருக்கப் பழகிய கை அது.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கார்ப்ளஸ் என்ற இயற்பியலாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர் கொடுத்தார். ஒரு குட்டை மனிதர், ஒரு நெட்டை மனிதர், இருவர் படம். பட்டனை அடுக்கி அளந்தால் குட்டையர் 4 பட்டன் உயரம், நெட்டையர் 6 பட்டன். பேப்பர் கிளிப்பால் அளந்தால் குட்டையர் 6 கிளிப். அப்படியானால் நெட்டையர் எத்தனை கிளிப்? விடை 9. ஆனால் ஏராளமான பிள்ளைகள் 8 என்றார்கள். 'பட்டனில் இரண்டு அதிகம், அதனால் கிளிப்பிலும் இரண்டு அதிகம்.' பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டார்கள்.

இந்த இரண்டு தப்பும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். விகிதம் என்பது கணக்குப் போடும் முறை என்பதற்கு முன்னால், எது எதோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பார்வை. பார்வையைக் கொடுக்காமல் முறையைக் கொடுத்தால் 96 வரும், கூடவே 4 மணி நேரமும் வரும்.

ஏரியை அளக்கலாமா?

கொடைக்கானல் ஏரி 1863-ல் உருவானது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்கு அணை போட்டு உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர், அதாவது 24 ஹெக்டேர். நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக்கொண்டு கிடக்கும். சுற்றி வரும் சாலை ஏறத்தாழ 5 கி.மீ.

இந்திய நில அளவைத் துறை போடும் வழக்கமான மேப் 1:50,000 அளவையில் இருக்கும். மேப்பில் 1 செ.மீ. என்றால் தரையில் 50,000 செ.மீ., அதாவது அரை கி.மீ. இதுவரை பாடப்புத்தகம் சொல்லிவிடும். இனிமேல்தான் சுவாரஸ்யம்.

அந்த மேப்பில் ஏரி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும்? 1 செ.மீ. என்பது அரை கி.மீ. என்றால், 1 சதுர செ.மீ. என்பது அரைக்கு அரை, கால் சதுர கி.மீ. அதாவது 25 ஹெக்டேர். ஏரி 24 ஹெக்டேர். ஆக மொத்த ஏரியும், போட்டும், குதிரையும், சோளம் விற்பவர்களும் மேப்பில் கிட்டத்தட்ட ஒரே ஒரு சதுர சென்டிமீட்டரில் முடிந்துவிடும். கட்டை விரல் நகத்தைவிடச் சின்னது.

இப்போது அந்த மேப்பை இரண்டு மடங்கு பெரிதாக்கி 1:25,000 ஆக்கினால் ஏரி எத்தனை சதுர செ.மீ.? பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள், 'ரெண்டு' என்றுதான் சட்டென்று வரும். சரியான விடை நான்கு. நீளமும் இரட்டிப்பு, அகலமும் இரட்டிப்பு. ஆனால் ஏரியைச் சுற்றும் சாலை? 1:50,000-ல் அது 10 செ.மீ., 1:25,000-ல் 20 செ.மீ. அது இரண்டு மடங்குதான். ஒரே மேப், ஒரே பெரிதாக்கல். சாலை இரண்டு மடங்கு, தண்ணீர் நான்கு மடங்கு. இந்த ஒரு படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளைக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனால் எந்த வகுப்பில் காட்டுகிறார்கள்?

இந்தக் குழப்பம் நம் ஊரோடு நிற்பதில்லை. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் இதையே ஆராய்ந்து 2007-ல் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். பக்கம் மூன்று மடங்கானால் பரப்பும் மூன்று மடங்கு என்று பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எழுதினார்கள். கூடவே படம் கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் பெரிய முன்னேற்றம் இல்லை. பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் சதுரத்தை இரட்டிப்பாக்கச் சொல்வார், அவனும் பக்கத்தை இரட்டிப்பாக்கி நான்கு மடங்கில் போய் விழுவான். இரண்டாயிரத்து நானூறு வருஷத் தப்பு இது. அதைத் திருத்த நம் வகுப்பறை ஒதுக்கும் நேரம் ஒரு பீரியடுகூடக் கிடையாது.

காமர்ஸ் படிப்பவர்கள் 'அது கணக்கு மேஜர் பிரச்சினை' என்று சிரிக்க வேண்டாம். விற்பனை இரட்டிப்பானது என்று காட்ட ஒரு கம்பெனி ஒரு சின்னப் பணமூட்டையும், பக்கத்தில் இரண்டு மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் உள்ள பெரிய பணமூட்டையும் போடும். கண் பார்ப்பது நான்கு மடங்கு. எண் சொல்வது இரண்டு மடங்கு. பொய் சொல்லாமலே ஏமாற்றும் வழி இது. ரேஷியோ அனாலிசிஸில் கரண்ட் ரேஷியோ 2:1 இருக்க வேண்டும் என்று ஒப்பிப்பவர்களும் இந்தப் படத்தில் விழுகிறார்கள்.

கோடை ரோட்டில் இறங்கியவர்கள்

'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கி, வெளியே வந்து 'கொடைக்கானலுக்கு நடந்து போயிடலாமா?' என்று கேட்பவர்களை ஊர்க்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 80 கி.மீ. இதே மேப்பில் ஸ்கேலை நேராக வைத்து அளந்தால் 47 கி.மீ. அளவில்தான் வரும். பழனியிலிருந்தும் அப்படித்தான். நேர்கோட்டில் 24 கி.மீ. கூட இல்லை, பஸ்ஸில் போனால் 64 கி.மீ.

இந்த வித்தியாசம் எங்கே போனது? வளைவில் போனது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் சாலையின் நீளத்தைத் தின்று உயரத்தைக் கொடுக்கிறது. ஒரு நூலை எடுத்து மேப்பில் சாலைமேல் வளைத்து வளைத்து வைத்து அளந்து பாருங்கள். 47 அல்ல, கூடவே வரும். ஆனால் 80-ஐத் தொடாது. 1:50,000 மேப்பில் 50 மீட்டர் என்பது 1 மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன நெளிவுகளை மேப் போடுபவர் தேய்த்து நேராக்கிவிடுவார். ஆக ஸ்கேல் சின்னதானால் படம் மட்டும் சுருங்குவதில்லை, சில உண்மைகளும் காணாமல் போகின்றன. எந்த மேப்பைப் பார்த்தாலும் 'இதில் எது தெரியாது?' என்று கேட்க வேண்டும் என்பதை ஒரு நூல்கண்டு சொல்லிக் கொடுத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரே அளப்பவர்கள் கால்பட்ட ஊர். பழனி மலையை அளக்க 1821-ல் லெப்டினன்ட் பி.எஸ்.வார்ட் வெள்ளகவி வழியாக ஏறி வந்தார். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் கோக்கர்ஸ் வாக், 1872-ல் அந்தப் பாதையைப் போட்ட லெப்டினன்ட் கோக்கர் பெயரில் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மேப் வரைந்தவரும் அவர்தான். ஒரு மேப்காரர் பெயர் வைத்த பாதையில் ஸ்கூல் டூர் வரும் பிள்ளைகள் கையில் சிப்ஸ் பாக்கெட் இருக்கும், மேப் இருக்காது. அங்கே நின்று கீழே தெரியும் பெரியகுளத்தைக் காட்டி 'இங்கிருந்து நேரா எத்தனை கிலோமீட்டர்? மேப்பை எடுத்து அளந்து சொல்லு' என்று ஒரே ஒரு வாத்தியார் கேட்டால் போதும். விடை சுமார் 15. பிள்ளைகள் 50 என்பார்கள், ஏனென்றால் பஸ் அப்படித்தான் வந்தது.

245 டிகிரி கொடைக்கானல்

விகிதம் எங்கே பொருந்தும் என்பதைவிட எங்கே பொருந்தாது என்று தெரிவது முக்கியம். ஏழாம் வகுப்பில் 'நேர் மற்றும் எதிர் விகிதங்கள்' பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு உலகமே இரண்டு பெட்டியாகிவிடுகிறது. ஒன்று கூடினால் மற்றது கூடும், நேர் விகிதம். ஒன்று கூடினால் மற்றது குறையும், எதிர் விகிதம். இப்படித்தான் கைடும் சொல்கிறது. சுத்தத் தப்பு.

மலை அடிவாரத்தில் 300 மீட்டர் உயரத்தில் 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே எவ்வளவு? நேர் விகிதத்தில் போட்டால் 245 டிகிரி. ஏரியில் பருப்பு வேகவைக்கலாம். 'உயரம் கூடினால் வெப்பம் குறையும், அதனால் எதிர் விகிதம்' என்று போட்டால் 5 டிகிரி. மதிய வெயிலில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்க வேண்டும். இரண்டும் நடப்பதில்லை.

சோசியல் புத்தகத்தில் விடை இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். 1,800 மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 11.7 குறையும். ஆக 23 டிகிரி. இங்கே ஏறிய உயரத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும்தான் விகிதம். உயரத்துக்கும் வெப்பத்துக்கும் விகிதமே கிடையாது. ஆட்டோவில் மினிமம் சார்ஜ் இருப்பது மாதிரி, ஆரம்பத்தில் ஓர் எண் உட்கார்ந்திருந்தால் இரட்டிப்பு தூரத்துக்கு இரட்டிப்புக் காசு வராது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தவன் மொபைல் பிளானிலிருந்து பேங்க் லோன் வரை ஏமாறாமல் பார்த்துக்கொள்வான். 'கூடினால் குறைந்தால்' என்று படித்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான்.

சூரியனையே காகிதத்தில் போட்ட ஊர்

ஸ்கேல் என்பது சின்னதாக்க மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துப் பக்கம் போக வேண்டும். 1899-ல் தொடங்கியது, இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்திலிருந்து மேகமில்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இங்கேதான். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள்.

சூரியனின் விட்டம் சுமார் 13,92,000 கி.மீ. அதை 20 செ.மீ. தட்டாகக் காகிதத்தில் கொண்டுவந்தால் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 7,000 கி.மீ. நம் பூமி முழுசும் அந்தப் படத்தில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு கடுகு. படத்தில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அதற்குள் இரண்டு பூமியை வரிசையாக வைத்துவிடலாம். ஏழாம் வகுப்புக் கணக்கு இது, ஒரு பெருக்கல் கூடுதல் இல்லை. இதைச் சொல்லிக் கொடுத்தால் 'விகிதம் எதுக்கு சார்?' என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

இப்போது நிலத்துக்கு வரலாம்

இதுவரை சொன்னது ரசனைக்கு என்று யாராவது நினைத்தால், இந்தப் பகுதி அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் நிலம் வாங்குபவர், விற்பவர், பாகம் பிரிப்பவர் எல்லோரும் ஒரு நாள் எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தைக் கையில் எடுக்க வேண்டும். இப்போது அதை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், நல்ல வசதி. மேலே அளவை எழுதியிருக்கும். 1:1000 என்று வைத்துக்கொண்டால் 1 செ.மீ. என்பது 10 மீட்டர், 1 சதுர செ.மீ. என்பது 100 சதுர மீட்டர், அதாவது சரியாக ஓர் ஏர். அழகான கணக்கு.

பக்கத்து நெட் சென்டரில் பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று ஒரு டிக் இருக்கும். படம் 90 சதவீதமாகச் சுருங்கி வெளியே வரும். மேலே 1:1000 என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். 4 செ.மீ.க்கு 5 செ.மீ. இருந்த நிலம் இப்போது 3.6-க்கு 4.5. ஸ்கேலை வைத்து அளந்தால் 20 ஏர் நிலம் 16.2 ஏர் ஆகிவிடும். சென்ட் கணக்கில் 49 சென்ட் 40 சென்ட் ஆகும். காகிதம் 10 சதவீதம் சுருங்கியதற்கு நிலம் 19 சதவீதம் காணாமல் போகிறது. 'படத்தை அளக்காதே, அதில் எழுதியிருக்கும் மீட்டரை மட்டும் பார்' என்று சர்வேயர்கள் சொல்வது இதனால்தான். ஏன் என்று புரியாதவருக்கு அது இன்னொரு ஆபீஸ் விதி. புரிந்தவருக்கு அது பாதுகாப்பு. மொபைலில் இரண்டு விரலால் படத்தை விரிக்கும்போதும் இதே கதைதான். 1:50,000 என்ற எழுத்து அந்த நொடியே பொய்யாகிவிடும். படத்தோடு சேர்ந்து விரியும் கோட்டு அளவை மட்டும்தான் உண்மை சொல்லும். பிரதிபின்ன முறை, நேர்கோட்டு அளவை முறை என்று இரண்டையும் வரையறை எழுதி மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மலையில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. மேப்பும் பத்திரமும் கிடைமட்ட அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். சரிவில் டேப் பிடித்தால் 50 மீட்டர், மேல்முனை கீழ்முனையைவிட 30 மீட்டர் உயரம் என்றால் கிடைமட்டத்தில் அது 40 மீட்டர்தான். மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம், பித்தாகரஸ். அகலம் 20 மீட்டர் என்றால் டேப் கணக்கில் 1,000 சதுர மீட்டர், பத்திரக் கணக்கில் 800. கிட்டத்தட்ட 5 சென்ட் வித்தியாசம். புரோக்கர் சரிவில் டேப்பை இழுத்துக் காட்டி 'பாருங்க சார், அளவு சரியா இருக்கு' என்று சொல்லும்போது அவர் பொய்கூடச் சொல்லவில்லை. கொடைக்கானலில் 5 சென்ட் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் மொத்தத்துக்கும் இதே கதை. கொடைக்கானல் மாஸ்டர் பிளான் 1993-ல் வந்தது. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி இப்படி ஒரு திட்டம் போடும்போது வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். வரைவு என்றால் என்ன? ஒரு மேப். எந்தக் கலர் எந்த மண்டலம், தன் வீடு எந்தக் கோட்டுக்கு உள்ளே, ஓடையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அதில் படிக்கத் தெரியாதவரிடம் ஆட்சேபம் கேட்பது, எழுதத் தெரியாதவரிடம் பேனாவை நீட்டுவது மாதிரி.

இரண்டு மாடிக்கு மட்டும் விதி இருந்த இடத்தில் ஏழு மாடி கட்ட அனுமதித்தது பற்றிய பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2000-ல் ஜெயலலிதாவுக்குத் தண்டனை, 2001-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அது ஊருக்கே தெரிந்ததற்கு ஒரு காரணம், மாடியை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். எண்ண விகிதம் தேவையில்லை. ஆனால் சரிவு எவ்வளவு, பக்கத்தில் விட்ட இடம் எவ்வளவு, எந்த மண்டலத்தில் கட்டடம் நிற்கிறது என்பதெல்லாம் ஸ்கேல் தெரிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் அவை ஒன்றிரண்டாக, பிறகு கும்பலாக வளர்ந்தன. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்களுக்கு வரிசையாக சீல் வைத்தார்கள். மீறியவர்களில் தெரிந்தே செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பக்கத்தில் குடியிருந்த ஆயிரம் பேருக்கு அந்த பிளானைப் படிக்கத் தெரிந்திருந்தால், சீல் வைக்க இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்குமா?

வழக்கமான சமாதானங்கள்

'கூகுள் மேப் இருக்கே, எதுக்கு இதெல்லாம்?' கூகுள் வழி சொல்லும். புரோக்கர் நீட்டும் ஜெராக்ஸைப் படித்துச் சொல்லாது. கால்குலேட்டர் வந்த பிறகும் மளிகை பில்லைச் சரிபார்ப்பவர்கள் சரிபார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

'ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பேர், போர்ஷன் முடிக்கவே நேரமில்லை.' இது நியாயமான புலம்பல். தப்பு வாத்தியார் மேல் இல்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் நடத்த முடியும். பத்தாம் வகுப்பு சோசியல் பரீட்சையில் மேப் கேள்வி இருக்கிறது, ஆனால் அது இடம் குறிக்கும் கேள்வி. எந்த ஊர் எந்த இடத்தில் என்று புள்ளி வைக்க வேண்டும். அதே மேப்பில் 'இந்த இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், அளந்து சொல்' என்று ஒரு கேள்வி சேர்த்தால் அடுத்த ஜூன் மாதமே தமிழ்நாடு முழுக்க எல்லா வகுப்பிலும் மேப்பை அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். பரீட்சைக்குப் பயந்துதான் எல்லாம் நடக்கிறது என்றால், அந்தப் பயத்தை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினால் என்ன?

'அரசுப் பள்ளியில் வசதி இல்லை.' வேண்டியது ஒரு மேப் ஜெராக்ஸ், ஒரு நூல்கண்டு, பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்மார்ட் போர்டு வேண்டாம். சொல்லப்போனால் ஸ்மார்ட் போர்டில் படம் பெரிதாகிச் சின்னதாகி ஸ்கேலே குழம்பிப்போகும்.

'சூத்திரம் தெரிந்தால் புரிதல் தானாக வரும்.' வந்திருக்க வேண்டுமே? இத்தனை தலைமுறை குறுக்கே பெருக்கியிருக்கிறது.

செய்ய வேண்டியது

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் விகித சமம் தொடங்கும் முதல் நாள் போர்டில் நான்கு எண் எழுதாமல், அந்த ஊர் மேப்பைக் கையில் கொடுக்கட்டும். தன் தெருவைக் கண்டுபிடித்து அளக்கட்டும், பிறகு நடந்துபோய்ச் சரிபார்க்கட்டும். ஏழாம் வகுப்பில் அந்த மேப்பை இரண்டு மடங்காக்கி வரையட்டும், குளத்தைக் கட்டம் போட்டு எண்ணட்டும், நான்கு மடங்கு வருவதைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும். எட்டாம் வகுப்பில் ஒரு புலப்படத்தைச் சுருக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து 'இதில் என்ன தப்பு?' என்று கேட்கட்டும். குறுக்குப் பெருக்கல் கடைசியில் வரட்டும், வேலையைச் சுருக்க. 'அளவை'யும் 'அளவுத்திட்ட'மும் ஒன்றுதான் என்று இரண்டு புத்தகத்திலும் ஒரே ஒரு வரி அச்சடிக்கட்டும். அதற்கு ஒரு கமிட்டிகூட வேண்டாம்.

பள்ளியை முடித்தவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. வீட்டில் பீரோவுக்குள் பத்திரத்தோடு மடித்து வைத்த ஒரு படம் இருக்கும். அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு வாங்கி, மேலே என்ன அளவை எழுதியிருக்கிறது, அது முதல் பிரதியா ஜெராக்ஸா, எழுதியிருக்கும் மீட்டரும் ஸ்கேல் காட்டும் சென்டிமீட்டரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஜெராக்ஸ் மெஷின் செய்த வேலைதான்.

ஆனால் அது ஜெராக்ஸ் மெஷின் வேலையா, பக்கத்து நிலத்துக்காரர் வேலையா என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.